தொண்டும் காவலும்



மலையகத் தோட்டங்களில் மாலைப் பொழுதுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. கொழுந்து நிறுத்து முடித்துத் தாய்மார் லயத்துக்குத் திரும்பி அடுப்பு மூட்டும் நேரம் அது. பாடசாலை விட்டு வந்த பிள்ளைகளோ அதற்கு முன்னரே மைதானத்திலும் கோயில் மண்டபத்திலும் வாசிகசாலையிலும் கூடிவிடுகின்றனர். ஓரிடத்தில் ஓர் இளைஞர் கரப்பந்தாட்டம் பழக்குகிறார். மற்றோரிடத்தில் உயர்தரம் முடித்த யுவதி ஒருவர், புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். ஞாயிறு வந்தால் அறநெறிப் பாடசாலை. மாசி பிறந்தால் காமன் கூத்துக்கு ஒத்திகை. இவற்றை நடத்துவோருள் பெரும்பாலோர் ஊதியம் பெறாதவர்கள். தம் ஓய்வு நேரத்தைப் பிறர் பிள்ளைகளுக்காகச் செலவிடும் இவர்களுடைய தொண்டு பாராட்டுக்குரியது.

அத்தகைய மன்றங்களில் நம் பிள்ளைகள் பாதுகாப்பாக இருப்பதற்கு என்ன ஏற்பாடு இருக்கிறது என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். நல்லது செய்யும் ஒருவரைப் பார்த்து இப்படிக் கேட்பது முறையா என்று நேயர்கள் எண்ணலாம். முறைதான் என்பதையும், கேளாதிருப்பதே பிள்ளைக்கும் தொண்டருக்கும் ஒருங்கே தீங்காய் முடியும் என்பதையும் விளக்க முற்படுகிறேன்.

தொண்டர்களால் நடைபெறும் சிறுவர் அமைப்புகள் மலைநாட்டுக்குப் புதியன அல்ல. 1907ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய பாசறையில் முளைவிட்ட சாரணர் இயக்கம், ஐந்தே ஆண்டுகளில், 1912இல், மாத்தளை நகரில் இலங்கை மண்ணில் கால் ஊன்றிவிட்டது. சிறுமியருக்கான சாரணியர் இயக்கம் 1917இல் கண்டியில் தொடங்கிற்று. 1960களில் ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் பணியாற்றிய இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்களின் ஊக்கத்தால், கல்வி கற்ற மலையக இளைஞரிடையே ஒரு புதிய விழிப்புத் தோன்றியது. 1979ஆம் ஆண்டின் 69ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் அமைந்த பின்னர், அதனோடு இணைந்த இளைஞர் கழகங்கள் நாடெங்கும் பெருகின.

இவற்றின் பயன் பெரிது. பத்தடி அறையில் ஒரு குடும்பமே வாழும் லயத்துப் பிள்ளைக்கு ஓடியாட இடமும், பேசிப் பழக மேடையும், தோட்டத்துக்கு அப்பாலும் உலகம் உண்டு என்ற எண்ணமும் இம்மன்றங்களால் கிடைக்கின்றன. ஐக்கிய நாடுகள் சபை 1989இல் நிறைவேற்றிய சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. அதன் 31ஆம் உறுப்புரை பிள்ளைக்கு ஓய்வும் விளையாட்டும் உரியன என்று கூறுகிறது. 19ஆம் உறுப்புரை பிள்ளையைத் துன்புறுத்தலினின்றும் காக்க வேண்டும் என்று கூறுகிறது. இரண்டும் ஒரே ஏட்டில் உள்ளவை. ஆகவே மன்றத்தை மூடிப் பிள்ளையைக் காப்பது காப்பாகாது. மன்றம் திறந்திருக்க வேண்டும். அதற்குள்ளே காவலும் இருக்க வேண்டும்.

இனி, தோட்டத்துப் பிள்ளை ஒன்றின் வளர்ச்சியை எண்ணிப் பாருங்கள். கைக்குழந்தைப் பருவத்தில், தாய் மலையில் கொழுந்து பறிக்கும் வேளையில், அது பிள்ளை மடுவத்தில் இருக்கிறது. அங்கே பயிற்சி பெற்ற பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறார். வரவுப் பதிவு இருக்கிறது. குழந்தையை அழைத்துச் செல்ல வருபவர் யார் என்று கேட்கும் வழக்கம் இருக்கிறது. சற்று வளர்ந்ததும் பாடசாலைக்குச் செல்கிறது. அங்கே அதிபர் உண்டு. அவருக்கு மேல் வலயக் கல்விப் பணிமனை உண்டு. ஆனால் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல், மன்றத்திலும் மைதானத்திலும் அப்பிள்ளை கழிக்கும் பொழுதுக்குப் பொறுப்பாளர் யார்? பல தோட்டங்களில் இதற்கு எழுத்தில் விடை இல்லை. ‘நம்ம தம்பிதான் பார்த்துக்கொள்கிறார்’ என்னும் நம்பிக்கையே விடையாக இருந்து வருகிறது.

நம்பிக்கை நல்லதே. எனினும் அது எவ்வாறு பிறக்கிறது என்பதைச் சிந்திக்க வேண்டும். நம் வழக்கில் மன்றத்தை நடத்துபவரைப் பிள்ளைகள் ‘அண்ணா’ என்றும் ‘அக்கா’ என்றும் அழைப்பர். சற்று வயது வந்தவராயின் ‘சேர்’ என்பர். அழைத்த மாத்திரத்தில் ஓர் உறவு ஏற்பட்டுவிடுகிறது. உறவினரை யாரும் விசாரிப்பதில்லை. மேலும் அவர் கூலி வாங்குவதில்லை. ஆதலால் அவருக்கு நாம் கடமைப்பட்டவர்கள் ஆகிறோம். கடன்பட்டவன் கேள்வி கேட்கக் கூசுவான். இவ்வாறு அன்பும் நன்றியும் சேர்ந்து கண்ணை மறைக்கும் திரையாகிவிடுகின்றன.

பிள்ளைகளுக்கு நேரும் தீங்கின் இயல்பு இதைவிடக் கவனத்துக்குரியது. முகந்தெரியாத அந்நியர் குறித்து நாம் பிள்ளைகளை எச்சரிக்கிறோம். ஆனால் சிறுவர் துஷ்பிரயோகத்தில் ஈடுபடுவோருள் மிகப் பலர் அப்பிள்ளைக்கு முன்னரே அறிமுகமானவர்கள் என்பதைப் பல நாடுகளின் அனுபவமும் காட்டியுள்ளது. அத்தகையவர் ஒரே நாளில் தவறு செய்வதில்லை. முதலில் குடும்பத்தின் நன்மதிப்பைப் பெறுவார். பிள்ளைகளுள் ஒன்றைத் தனியே தெரிந்தெடுத்து விசேட அன்பு காட்டுவார். சிறு பரிசுகள் கொடுப்பார். பயிற்சி என்றும் பாடம் என்றும் சொல்லித் தனிமையை உண்டாக்குவார். ‘இது நம் இருவருக்குள் இருக்கட்டும்’ என்று ஓர் இரகசியத்தைப் பழக்குவார். இவற்றுள் ஒவ்வொன்றும் தனித்துப் பார்க்கையில் குற்றமாகத் தோன்றாது. எல்லாம் ஒன்று சேரும்போதே ஆபத்து உருவாகிறது.

பிள்ளை ஏன் வாய் திறப்பதில்லை? லயத்தில் ஓர் அறைக்கும் மறு அறைக்கும் இடையே ஒரு சுவர்தான். ஒரு வீட்டில் பேசியது மாலைக்குள் தோட்டமெங்கும் பரவிவிடும் என்று பிள்ளைக்குத் தெரியும். தன்னையே குற்றம் சொல்வார்கள் என்ற அச்சம் ஒருபுறம். படிப்பும் விளையாட்டும் நின்றுவிடும் என்ற கவலை மறுபுறம். ‘அந்த நல்ல மனிதரைப் பற்றியா இப்படிச் சொல்கிறாய்?’ என்று தாயே கேட்டுவிடுவாளோ என்னும் தயக்கம் எல்லாவற்றுக்கும் மேலானது. எனவே, தீங்கு நேர்ந்தால் பிள்ளை தானாகச் சொல்லும் என்று காத்திருப்பது காவல் ஆகாது.

இதில் பெரிய அமைப்புகளும் இடறியுள்ளன என்பதற்கு அமெரிக்க நாட்டுச் சாரணர் சங்கத்தின் வரலாறு ஓர் எடுத்துக்காட்டு. 1910இல் தொடங்கிய அச்சங்கம், பிள்ளைகளோடு பழகத் தகுதியற்றவர் எனத் தான் கண்ட தலைவர்களின் பெயர்களை 1920கள் தொட்டுத் தனிக் கோப்புகளில் குறித்து வந்தது. குறித்தது நன்றே, ஆனால் அக்கோப்புகளை இரகசியமாக வைத்துக்கொண்டது. பல சந்தர்ப்பங்களில் பெற்றோருக்கும் தெரிவிக்கவில்லை, பொலிஸுக்கும் தெரிவிக்கவில்லை. 2012இல் நீதிமன்ற உத்தரவின்படி ஆயிரத்துக்கு மேற்பட்ட கோப்புகள் வெளியாயின. 2020 பெப்ரவரியில் சங்கம் கடன் தீர்க்க இயலாத நிலையை அறிவித்து நீதிமன்றத்தை நாடிற்று. அதன்பின், சிறுவயதில் தமக்குத் தீங்கு இழைக்கப்பட்டது என்று கூறி 82,000க்கு மேற்பட்டோர் முன்வந்தனர். இழப்பீட்டுத் தொகை 240 கோடி டொலருக்கு மேலாயிற்று.

இதனைக் கொண்டு சாரணர் இயக்கமே தீது எனக் கொள்ளலாகாது. அவ்வியக்கம் தன் பிழையிலிருந்து கற்றது. 2002இல் கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரில் கூடிய உலகச் சாரணர் மாநாடு, பிள்ளைகளைத் தீங்கினின்றும் காப்பது குறித்துத் தனித் தீர்மானம் நிறைவேற்றியது. இரு பெரியவர்கள் இன்றிப் பிள்ளைகளின் கூட்டம் நடத்தலாகாது என்பது இன்று பல நாடுகளின் சாரணர் சங்கங்களில் கண்டிப்பான விதி. அமெரிக்கச் சங்கத்தின் கதை நமக்குத் தரும் படிப்பினை வேறொன்று: அமைப்பின் பெயரைக் காப்பாற்ற முனைந்தவர்கள் பிள்ளைகளைக் காப்பாற்றத் தவறினர், முடிவில் பெயரும் மிஞ்சவில்லை.

இப்பொழுது நம் மலைக்குத் திரும்புவோம். கொழுந்து நிறுக்கும் இடத்தை நேயர்கள் அறிவீர்கள். பறித்த கொழுந்து பறித்தவரின் கண்முன்னே தராசில் ஏற வேண்டும். எடை உரக்கச் சொல்லப்பட வேண்டும். ஏட்டில் பதியப்பட வேண்டும். இதில் குறை நேர்ந்தால் தொழிலாளர் வாளாவிருப்பதில்லை. வழக்குத் தொடுப்பர், வேலைநிறுத்தமும் செய்வர். நிறுப்பவர் எவ்வளவு நல்லவராயினும், தராசு மறைவில் இருக்கலாகாது என்பது அவர்கள் கொள்கை. அதனை எவரும் அவமதிப்பாகக் கொள்வதில்லை. முறை என்றே கொள்கின்றனர். ஒரு கிலோ கொழுந்துக்குக் கேட்கும் அந்த வெளிச்சத்தை நம் பிள்ளைக்கும் கேட்கலாகாதா? திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமே அமைந்திருக்கிறது. ஆராய்ந்து பின் நம்புவது நம் முன்னோருக்கும் உடன்பாடே.

அம்முறை எவ்வாறு அமைய வேண்டும் என்று பார்ப்போம். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை.

முதலாவது, தொண்டரைத் தெரிந்தெடுத்தல். புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் அவர் பெயர், முகவரி, முன்னர் எங்கே இத்தகைய பணி செய்தார் என்பன எழுதி வாங்கப்பட வேண்டும். முன்னர் பணியாற்றிய இடத்தில் ஏன் விலகினார் என்று அங்குள்ளவரிடமே விசாரிக்க வேண்டும். கிராம உத்தியோகத்தர் வழங்கும் வதிவிட, நற்குணச் சான்றிதழையும் கேட்கலாம். சான்றிதழ் ஒன்றே போதாது. பிடிபடாத குற்றம் எந்தச் சான்றிதழிலும் ஏறாது. ஆகவே முதற்சில மாதங்கள் அவர் மற்றொருவருடன் சேர்ந்தே பணியாற்ற வேண்டும். தலைவரின் மகனாயினும் கோயிற் செயலாளரின் உறவினராயினும் விதி ஒன்றே.

இரண்டாவது, தனிமையை நீக்குதல். எல்லா விதிகளிலும் இதுவே தலையாயது. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையுடனும் பிறர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் தனித்திருக்கலாகாது. வகுப்பு நடக்கும் அறையின் கதவு திறந்திருக்கட்டும். தனியே அறிவுரை கூற வேண்டுமாயின் முற்றத்திலோ மைதானத்தின் ஓரத்திலோ, பிறர் காணும்படியும் கேளாதபடியும் கூறலாம். சிறுமியர் இருக்கும் கூட்டத்தில் பெண் தொண்டர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். ஆயினும் தீங்கு சிறுமியருக்கு மட்டுமே நேரும் என்று எண்ணுவது தவறு. சிறுவருக்கும் நேர்கிறது, அவர்கள் அதை மேலும் ஆழமாக மறைக்கின்றனர்.

மூன்றாவது, வயது வேறுபாடு. தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் கழகங்களில் 13 வயது முதல் 29 வயது வரையுள்ளோர் அங்கத்தவர் ஆகலாம். பதின்மூன்று வயதுச் சிறுமியும் இருபத்தொன்பது வயது ஆடவரும் ஒரே கழகத்தின் அங்கத்தவர் என்றால், இருவரும் சமமான தோழர் ஆகிவிட மாட்டார்கள். ஒருவர் பிள்ளை, மற்றவர் பெரியவர். ஆதலால் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குத் தனிக் குழுவும், கூட்டங்களை இருட்டு முன் முடிக்கும் ஒழுங்கும் வேண்டும். காமன் கூத்து ஒத்திகை போன்று இரவில் நடப்பனவற்றில், ஒவ்வொரு பிள்ளையும் யாருடன் வருகிறது, யாருடன் திரும்புகிறது என்பது பதியப்பட வேண்டும்.

நான்காவது, கைத்தொலைபேசி. பயிற்சி நேரத்தை அறிவிக்கத் தொண்டர் பிள்ளைக்குத் தனியே செய்தி அனுப்ப வேண்டியதில்லை. பெற்றோரும் சேர்ந்த வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தால் போதும். பிள்ளைகளின் படங்களைப் பெற்றோரின் இசைவின்றி எடுப்பதும் பரப்புவதும் கூடாது.

ஐந்தாவது, பயணம். மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரை சிவனொளிபாத மலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் மன்றங்கள் உண்டு. ஆற்றங்கரைக்கும் நீர்வீழ்ச்சிக்கும் செல்வோரும் உண்டு. பெற்றோரின் கையெழுத்து, பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல், புறப்படும்போதும் தங்கும்போதும் திரும்பும்போதும் தலையெண்ணல் ஆகிய மூன்றும் இன்றிப் பயணம் கூடாது. மேலே மலையில் பெய்யும் மழை, கீழே வெயில் அடிக்கும்போதே ஓயாவில் வெள்ளமாய் வரும் என்பது மலைநாட்டார் அறிந்ததே. குளவிக் கூடு உள்ள பாதையையும் மண் சரிந்த வழியையும் முன்கூட்டியே பார்த்து வர வேண்டும். முதலுதவிப் பெட்டியும், அவசர நோயாளர் வண்டிக்கான 1990 என்ற இலக்கமும் தலைவர் கையில் இருக்க வேண்டும்.

ஆறாவது, தண்டனை. ஊதியம் இல்லாத தொண்டர் என்பதால் பிள்ளையை அடிக்க உரிமை வந்துவிடாது. தண்டனைச் சட்டக் கோவைக்கு 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் செய்த திருத்தம், பதினெட்டு வயதுக்குட்பட்டவரைத் தம் பொறுப்பில் வைத்திருப்போர் அவரைத் தாக்குவதையும் கொடுமைப்படுத்துவதையும் புறக்கணிப்பதையும் குற்றமாக்கியது. சட்டம் பொறுப்பைப் பார்க்கிறது, சம்பளத்தைப் பார்க்கவில்லை.

இவையெல்லாம் இருந்தும் ஒரு பிள்ளை வந்து தனக்கு நேர்ந்ததைச் சொல்லுமாயின் என்ன செய்வது? அமைதியாகக் கேளுங்கள். ‘நீ சொன்னது நல்லது, பிழை உன்னுடையதன்று’ என்று சொல்லுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்களிக்காதீர்கள். காப்பாற்ற இயலாத வாக்கு அது. துருவித் துருவி வினவாதீர்கள். பிள்ளை சொன்னதை அது சொன்ன சொற்களிலேயே, நாளும் நேரமும் இட்டு எழுதி வையுங்கள். குற்றஞ்சாட்டப்பட்டவரை அழைத்துப் பிள்ளையின் முன் நிறுத்தாதீர்கள்.

அடுத்து வருவதே நம் தோட்டங்களில் மிகக் கடினமான இடம். எந்த வழக்கையும் தலைவர் முன்னும் கோயிற் சபை முன்னும் பேசித் தீர்ப்பது நம் பழக்கம். எல்லைத் தகராறுக்கும் கொடுக்கல் வாங்கலுக்கும் அம்முறை பொருந்தும். பிள்ளைக்கு இழைத்த தீங்குக்கு அது பொருந்தாது. மன்னிப்புக் கேட்கச் செய்து, ஒரு தொகை கொடுக்கச் செய்து, ‘வேறு தோட்டத்துக்குப் போய்விடு’ என்று அனுப்பினால், குற்றம் தீரவில்லை. அடுத்த தோட்டத்துப் பிள்ளையிடம் அனுப்பப்பட்டிருக்கிறது. அமெரிக்கச் சங்கத்தின் இரகசியக் கோப்புக்கும் நம் சமாதானத்துக்கும் அப்போது வேற்றுமை இல்லை.

முறையான வழிகள் உள்ளன. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை 1929 என்னும் இலக்கத்தில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலும் முறையிடலாம். பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பிரிவையோ, பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை உத்தியோகத்தரையோ, நன்னடத்தை உத்தியோகத்தரையோ நாடலாம். பிள்ளையின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றத்தில் சான்றாக ஏற்பதற்கு 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. உடலில் காயம் இருப்பின் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இத்தனை விதிகள் விதித்தால் தொண்டு செய்ய யார் வருவார் என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான வினா. தோட்டத்தில் படித்த இளைஞர் பலர் கொழும்புக்கு வேலை தேடிச் செல்லும் இந்நாளில், இருக்கும் ஒரிருவரையும் இழக்க நேருமே என்ற கவலை பொய்யன்று. ஆனால் திறந்த கதவு யாருக்குப் பாதுகாப்பு என்று எண்ணிப் பாருங்கள். வீண்பழி பரவும் வேளையில், தனித்திருந்தவருக்குச் சாட்சி இல்லை. இருவராய் இருந்தவருக்குச் சாட்சி உண்டு. நேர்மையான தொண்டர் இவ்விதிகளை வரவேற்பார். இவற்றைக் கண்டு ஒருவர் விலகிச் செல்வாராயின், அவருடைய தொண்டு இல்லாமற் போனது குறித்து நாம் வருந்த வேண்டியதில்லை. இரு பெரியவர் கிடைக்காத நாளில் கூட்டத்தைத் தள்ளிப் போடலாம். அல்லது தாய்மாருள் ஒருவர் வந்து அமர்ந்திருக்கலாம். அமர்ந்திருப்பதற்குப் படிப்பு வேண்டியதில்லை, கண்கள் போதும்.

நேயர்களே, உங்கள் தோட்டத்திலோ டிவிஷனிலோ சிறுவர் மன்றம் ஒன்று இருக்குமாயின், அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு தாளை முன்வையுங்கள். பொறுப்பாளர் இருவர் பெயர், இருவர் இன்றிக் கூட்டம் இல்லை என்ற விதி, பிள்ளை ஒன்று முறையிட விரும்பினால் யாரிடம் சொல்லலாம் என்ற விவரம், 1929 என்ற இலக்கம் ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும். எழுத்தறியாத பெற்றோரும் அறியும்படி அதனை உரக்க வாசியுங்கள். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள். பின்னர் மண்டபச் சுவரில், பிள்ளையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒட்டி வையுங்கள்.